மழையில் போட்டி நின்றால் மகன் முகத்தைப் பாருங்கள்

கேள்வி: ஒரத்தநாடு பக்கம் எங்கள் ஊர். மகனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு படிக்கிறான். நல்ல கபடி ரைடர், அதாவது பாடிப் போய்த் தொட்டுவிட்டு வருபவன். நானும் ஒரு காலத்தில் ஊர் அணியில் ஆடியவன்தான். முட்டி போனதால் நிறுத்திவிட்டேன். தினமும் விடியற்காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை எங்கே போட்டி நடந்தாலும் பைக்கில் கூட்டிப் போகிறேன். 50 கிலோ அணியில் ஆட வேண்டும் என்பதற்காக ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறோம். இப்போது ஐம்பத்திரண்டரை இருக்கிறான். இரண்டு மாதமாகக் காலையில் வயிற்று வலி என்கிறான், முட்டிக்குக் கீழே வலிக்கிறது என்கிறான். சாக்குச் சொல்கிறானோ என்று சந்தேகம். தோற்றுவிட்டு வரும்போது திட்டிவிடுகிறேன், வீட்டில் அதனால் சண்டை. மே மாதம் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுப்பார்கள். விட்டுவிட்டால் வாய்ப்பு போய்விடும், இறுக்கினால் ஆட்டமே வெறுத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எவ்வளவு அழுத்தம் கொடுக்கலாம்?

பதில்: அழுத்தத்தின் அளவைப் பிறகு பேசுவோம். அதற்கு முன்னால் இரண்டு விஷயம், இரண்டும் அவசரம்.

ஒன்று, இன்று ராத்திரியிலிருந்து தம்பிக்கு வயிறு நிறையச் சோறு போடுங்கள். 13 வயது என்பது பையன்களுக்கு உடம்பு வேகமாக வளர்கிற காலம். உயரம் கூடும் வேகத்தில் ஒரே வருடத்தில் எட்டு, ஒன்பது கிலோ ஏறுவது சாதாரணம். அந்த வயதில் இரண்டரைக் கிலோவை இறக்கப் பார்ப்பது, எலும்புக்கும் தசைக்கும் போய்ச் சேர வேண்டியதைத் தட்டிப் பறிப்பதுதான். இந்த வருடம் எப்படியோ 50க்குள் அடக்கிவிட்டாலும் அடுத்த வருடம் முடியாது. எடை பார்ப்பதற்கு முதல் நாள் பையன்களைத் தண்ணீர்கூடக் குடிக்க விடாமல் ஓடவிடுகிற அணிகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சித்திரை, வைகாசி வெயிலில், காற்றில் ஈரப்பதம் ஏறிக் கிடக்கும் நம் பக்கத்தில், அது உயிரோடு விளையாடுகிற வேலை. உடம்பில் நீர் குறைந்தால் வியர்வை குறையும், உள்சூடு ஏறும், ஆடிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை சுருண்டு விழுவான். தம்பி அடுத்த எடைப் பிரிவில் ஆடட்டும். ஆடும் ஏழு பேரில் இடம் கிடைக்காமல் மாற்று ஆட்டக்காரனாக உட்கார்ந்தாலும் பரவாயில்லை.

இரண்டாவது, அந்த முட்டி வலி. அதைச் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். முட்டிச் சில்லுக்குக் கொஞ்சம் கீழே, முன்பக்க எலும்பு தொடங்கும் இடத்தில் விரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே சுருக்கென்று வலித்தாலோ சின்னப் புடைப்பு தெரிந்தாலோ அது வளரும் பிள்ளைகளுக்கு வருகிற ஆஸ்குட்–ஷ்லாட்டர் என்ற தொந்தரவாக இருக்கலாம். தொடையின் பெரிய தசை, சில்லு வழியாக இறங்கி அந்த எலும்பில்தான் வந்து பிடிக்கிறது. எலும்பு இன்னும் முற்றாத வயதில் ஓட்டமும் குதிப்பும் குந்துவதும் அளவுக்கு மீறினால், அந்தத் தசை இழுத்து இழுத்து எலும்பின் வளரும் பகுதியைப் புண்ணாக்கிவிடும். பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இல்லை, வளர்ச்சி முடிந்ததும் அடங்கிவிடும். ஆனால் அதுவரை பளுவைக் குறைக்க வேண்டும். எண்ணெய் தேய்த்து நீவிவிட்டு மறுநாளே மைதானத்துக்கு அனுப்புவது கூடாது. எலும்பு மூட்டு மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குத் தூரமில்லை.

இதோடு சேர்த்து ஒரு கணக்கும் போட வேண்டும். நீங்கள் எழுதியபடி பார்த்தால், ஞாயிறை விட்டுவிட்டே வாரத்துக்கு 21 மணி நேரம் வருகிறது. சிகாகோவில் சுமார் 1,200 இளம் வீரர்களை வைத்து மருத்துவர்கள் ஒரு ஆய்வு செய்தார்கள். தன் வயதைவிட அதிக மணி நேரம் வாரத்தில் பயிற்சி செய்த பிள்ளைகளுக்கு, ஓயாத பளுவால் வரும் கடுமையான காயங்கள் கூடுதலாக இருந்தன. 13 வயது என்றால் வாரத்துக்கு 13 மணி நேரம், போட்டியும் அதற்குள் அடக்கம். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். வருடத்தில் இரண்டு மூன்று மாதமாவது அந்த ஒரே ஆட்டத்திலிருந்து விலகி இருப்பது நல்லது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். நமக்கு அதை இயற்கையே கொடுத்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஊர்த் திடல் சேறாகக் கிடக்கும்போது கபடி ஆடும் மேட் விரிப்பைத் தேடித் தஞ்சாவூருக்கு அலைய வேண்டாம். பூப்பந்து ஆடட்டும், கூட்டாளிகளோடு சும்மா ஓடித் திரியட்டும்.

சரி, இப்போது வயிற்று வலிக்கு வருகிறேன். அதுவும் நிஜ வலிதான். பயமும் கவலையும் பிள்ளைகளுக்கு முதலில் வயிற்றில்தான் தெரியும். வேறு கோளாறு இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டால், விடியற்காலை என்றாலே அவன் உடம்பு எதற்கு இறுகுகிறது என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

28 வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். பணியில் சேர்ந்து சில வருடங்கள் ஆன சமயம், எங்கள் பள்ளியில் நீளம் தாண்டும் ஒரு பெண் இருந்தாள். அப்படி ஒரு கால் பலம். அவள் அப்பா தினமும் சாயங்காலம் வந்து மணல் குழி ஓரத்தில் டேப்போடு நிற்பார். ஒவ்வொரு தாண்டலுக்கும் அளவு, ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பேச்சு. நானும் அவருக்குப் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். மாவட்டப் போட்டி நெருங்க நெருங்க அவள் பலகையைத் தாண்டி மிதிக்க ஆரம்பித்தாள். ஃபவுல், ஃபவுல், ஃபவுல். ஓட்டத்தின் அடி எண்ணிக்கையை மாற்றினோம், ஓடத் தொடங்கும் இடத்தை மாற்றினோம், எதுவும் நடக்கவில்லை. ஃபவுலான தாண்டலை அளக்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும் என்று எனக்கு உறைத்தபோது அவள் ஆட்டத்தை விட்டுப் போயிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது.

தம்பியின் வயிற்று வலியும் அந்த ஃபவுல் போன்றதாக இருக்கலாம்.

நீங்கள் கேட்ட அளவு பற்றி என் கருத்து இது. அழுத்தம் ஆட்டத்துக்குள்ளேயே நிறைய இருக்கிறது. எதிரே ஏழு பேர் நிற்க, 30 நொடிக்குள் மூச்சு விடாமல் பாடித் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அதைவிட வேறென்ன அழுத்தம் வேண்டும்? அந்த அழுத்தம் அவனுக்கு நல்லது, அதற்காகத்தான் பையன்கள் கபடி ஆடவே போகிறார்கள். தோற்றால் அப்பா முகம் எப்படி இருக்கும், ராத்திரி வீட்டில் சண்டை வருமா என்பது வேறு அழுத்தம். அதைச் சுமந்துகொண்டு ரைடு போகிறவனுக்குக் கால் முன்னே போகாது. ஆகவே கோட்டுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்க வேண்டாம். வெளியே இருந்து நீங்கள் ஏற்றுவதை முழுக்க இறக்கிவிடுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், பைக்கில் திரும்பி வரும் அந்த அரை மணி நேரத்திலிருந்து. தோற்ற பிள்ளை இறங்கி ஓட முடியாத இடம் அது. பின்னால் உட்கார்ந்திருப்பவன் முகம் உங்களுக்குத் தெரியாது, உங்கள் குரல் மட்டும் அவனுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த வழியில் ஆட்டத்தைப் பற்றி நீங்களாக ஒரு வார்த்தையும் எடுக்காதீர்கள். வழியில் எங்காவது நிறுத்தி அவனுக்குப் பிடித்ததை வாங்கிக் கொடுங்கள். அவனாகப் பேசினால் கேளுங்கள். எதையாவது கேட்டே ஆக வேண்டும் என்றால், “இன்னைக்கு எந்த ரைடு உனக்குப் பிடிச்சுது?” என்று மட்டும் கேளுங்கள். ஜெயித்த அன்றைக்கும் இதே கேள்வி, இதே பரோட்டா. ஜெயித்தால் மட்டும் பரோட்டா என்றால் அவன் அதையும் கணக்கில் எழுதிக்கொள்வான். கார்னரில் நிற்பவனிடம் மாட்டிக்கொண்டது ஏன், போனஸ் புள்ளி ஏன் எடுக்கவில்லை என்பதெல்லாம் மறுநாள் பயிற்சியாளர் பேச வேண்டியவை. வீட்டுக்குள் நுழைந்ததும் “ஜெயிச்சியா?” என்று கேட்காமல் “சாப்பிட்டியா?” என்று கேட்கும்படி அம்மாவிடமும் சொல்லிவையுங்கள். அவர் ஏற்கெனவே அப்படித்தான் கேட்பார் என்று நினைக்கிறேன்.

போட்டி நடக்கும்போதும் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். நீங்களும் ஆடியவர், வாய் சும்மா இருக்காது. நீங்கள் “ஏறிப் பாடுடா” என்பீர்கள், பயிற்சியாளர் “நேரத்தை ஓட்டு” என்பார், பையன் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வான்.

அப்படியானால் கண்டிப்பே வேண்டாமா என்றால், வேண்டும். பயிற்சிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தால் நேரத்துக்குப் போக வேண்டும். அணியில் இருக்கும்வரை கூட ஆடுபவர்களை நடுவில் விட்டுவிட்டு வரக் கூடாது. நடுவரை எதிர்த்துப் பேசக் கூடாது. முயற்சி, ஒழுங்கு, மரியாதை மூன்றும் அவன் கையில் இருப்பவை, அவற்றில் இறுக்கிப் பிடியுங்கள். வெற்றி அவன் கையில் மட்டும் இல்லை, அதற்காகத் திட்டாதீர்கள். அமெரிக்காவில் சிறுவர் கால்பந்து ஆடும் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் பயிற்சியாளர்களிடமும், ஆட்டத்தில் எது சந்தோஷம் தருகிறது என்று கேட்டு 81 காரணங்களைத் திரட்டினார்கள். முன்னால் நின்றவை மனதார முயல்வதும், அணிக்குள் ஒட்டி உறவாடுவதும், பயிற்சியாளர் நடத்தும் விதமும். வெற்றி வெகு பின்னால்தான் வந்தது. ஆகவே சந்தோஷம் என்றதும் பிள்ளை விளையாட்டுத்தனமாகக் கெட்டுப்போவான் என்று நினைக்க வேண்டியதில்லை. வியர்க்க வியர்க்க முயல்வதுதான் அவர்களுக்குச் சந்தோஷமே.

அவனுக்கு ஆட்டம் இன்னும் பிடித்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க நம் பக்கத்தில் ஒரு நல்ல வழி உண்டு. ஞாயிற்றுக்கிழமை புறப்படும் நேரத்தில் மழை கொட்டிப் போட்டி இல்லை என்று போன் வந்தால், உடனே அவன் முகத்தைப் பாருங்கள். “சே” என்று வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிறானா, முகம் தெளிந்து வேறு வேலையைப் பார்க்கப் போகிறானா? ஒரு முறை தெளிந்தால் களைப்பு என்று விட்டுவிடலாம். ஒவ்வொரு முறையும் தெளிந்தால் அவனோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

விடுதித் தேர்வைப் பற்றி ரொம்பவும் பதறாதீர்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்கு 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேர ஆள் எடுக்கிறார்கள். இந்த மே மாதம் தவறினாலும் பதினொன்றாம் வகுப்பில் இன்னொரு முறை போகலாம். அதற்குள் அவன் உடம்பு வளர்ந்திருக்கும், ரைடும் மாறியிருக்கும். அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருப்பது உண்மை, ஆனால் அது தேசிய, சர்வதேச அளவில் சாதித்தவர்களுக்கானது. ஊர்ப் போட்டியின் சுழற்கோப்பைகளை எத்தனை அடுக்கினாலும் அந்தக் கணக்கில் வராது. அந்த எதிர்பார்ப்பைப் 13 வயதுப் பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமைகள் மேல் ஏற்ற வேண்டாம்.

2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் மன்னார்குடி பக்கத்து வடுவூர் அபினேஷ் இருந்ததிலிருந்து, நம் பக்கத்தில் பல அப்பாக்களுக்குத் தூக்கமில்லை. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் வடுவூர் திடலுக்கு ஒரு சாயங்காலம் தம்பியோடு போய்வாருங்கள். பெரியவர்களும் சிறுவர்களுமாகக் கபடியில் ஊறிய ஊர் அது. தம்பியை யாரோடும் ஒப்பிட்டுப் பேசாமல், ஆட்டத்தைப் பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள்.

அப்புறம், அவனிடம் நேராகக் கேளுங்கள். “மே மாசத் தேர்வுக்கு நீ போகணும்னு நினைக்கிறியா, நான் நினைக்கிறேனா?” என்று. பதில் உடனே வராது, வரும்வரை பொறுங்கள். போக வேண்டாம் என்றால், தை மாதப் போட்டிகள் வரை அணிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டுப் பிறகு முடிவெடுக்கலாம் என்று சொல்லுங்கள். போகிறேன் என்றால் எந்த நாள் பயிற்சி, எந்த நாள் ஓய்வு என்பதை அவனே காலண்டரில் எழுதட்டும். 13 மணி நேரத்தைத் தாண்டாமல் மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முட்டி போன கதை அவனுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் முதன்முதலில் எதற்காக அந்தத் திடலுக்குப் போனீர்கள், யாரோடு ஆடினீர்கள், தோற்றுவிட்டு எப்படிச் சிரித்துக்கொண்டு நடந்து வந்தீர்கள் என்ற கதையைச் சொல்லியிருக்கிறீர்களா? அவன் நிறையச் சாப்பிட்டு முடித்த ஒரு ராத்திரி, திண்ணையில் உட்கார்ந்து அதைச் சொல்லுங்கள்.