விசிறியைத் தரையில் வைக்காதீர்கள்

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். விதைக்கு எடுத்த சம்பா நெல்லைக் காற்றில்லாத நாட்களில் களத்தில் மின்விசிறி வைத்துத் தூற்றுகிறோம். விசிறி தரையில் இருக்கிறது. பதரும் நெல்லோடு சேர்ந்தே விழுகிறது. ஸ்டூலில் ஏறி நின்று தூற்றினால் சரியாகுமா? கனமானதும் லேசானதும் ஒரே வேகத்தில் விழும் என்று பள்ளியில் படித்தோமே, பிறகு பதர் எப்படிப் பிரிகிறது?

பதில்: ஸ்டூலில் நீங்கள் ஏற வேண்டாம். விசிறியை அதன்மேல் தூக்கி வையுங்கள்.

பள்ளியில் படித்தது சரிதான், ஆனால் அது காற்றே இல்லாத இடத்துக்கு. 1971இல் அப்போலோ 15 வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாகக் கைவிட்டார். இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன. உங்கள் களத்தில் அது நடக்காது. நெல்லும் பதரும் ஏறக்குறைய ஒரே உருவம் என்பதால், ஒரே வேகத்தில் விழும்போது காற்று இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தடுக்கிறது. உள்ளே அரிசி இருக்கும் நெல் அதைப் பொருட்படுத்துவதில்லை. பதரின் எடையையோ அந்தத் தடை சீக்கிரமே சமன் செய்துவிடுகிறது. அதன்பின் அதன் வேகம் கூடாது. பக்கவாட்டுக் காற்றுக்கும் இதே கணக்குதான்: நெல் அசைந்து கொடுக்காது, பதர் போய்விடும்.

விசிறி விஷயத்துக்கு வருகிறேன். புவியீர்ப்பு ஒவ்வொரு நொடியும் வேகத்தில் நொடிக்கு 9.8 மீட்டரைக் கூட்டுகிறது. 2 மீட்டர் உயரத்திலிருந்து விடும் நெல் தரைக்கு வர ஏறத்தாழ 0.64 நொடி ஆகும். அதில் சரிபாதி நேரம் முதல் அரை மீட்டரிலேயே கழிந்துவிடுகிறது! மீதி ஒன்றரை மீட்டரை அடுத்த பாதியில் கடந்துவிடும். ஆகவே முறத்தின் வாய்க்குச் சற்றுக் கீழே காற்று படவேண்டும். அங்கேதான் எல்லாம் மெதுவாக விழுகிறது. அங்கே தள்ளப்பட்ட பதருக்கு விலகிப்போக முழு இறக்கமும் மிச்சம் இருக்கிறது. தரையிலுள்ள விசிறி நெல் விரைந்து வந்துசேரும் இடத்தில் வீசுகிறது. போதாக்குறைக்குக் குவியலில் மோதிப் பதரைச் சுழற்றி மறுபடியும் நெல்மேலேயே போடுகிறது.

முறத்தை ஒரேயடியாகக் கவிழ்க்கவும் கூடாது. கொத்தாக விழும் நெல் இடையிலுள்ள காற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு இறங்கும், பதர் அதற்குள் மாட்டிக்கொள்ளும். முறத்தை லேசாக ஆட்டி, மெல்லிய திரைபோல விடுங்கள். தலை உயரம் போதும். அதற்கு மேல் போனால் கை வலிப்பதோடு நெல்லும் சிதறும்.

கருக்காய், அதாவது அரைகுறையாக விளைந்த நெல், இதில் முழுதாகப் போகாது, அதன் எடை நெல்லுக்கும் பதருக்கும் நடுவில். விதைநெல் என்பதால் உப்புக் கரைசலில் போட்டு, மிதப்பதை அரித்தெடுத்துவிடுங்கள். முட்டை மிதக்கும் அளவுக்கு உப்பு கரைந்திருக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசாமல் விதைக்கக் கூடாது. உப்பு முளைப்பைக் கெடுக்கும்.