களர் மண்ணில் குதிரை மசால்: யூரியாவை நிறுத்துங்கள்

கேள்வி: மணப்பாறை அருகே அரை ஏக்கர் களர் நிலத்தில் கறவை மாடுகளுக்காகக் குதிரை மசால் (லூசர்ன் என்ற தீவனப் பயிர்) விதைத்தேன். பாதிதான் முளைத்தது, முளைத்ததும் வெளிறி நிற்கிறது. யூரியா போட்டால் சில நாள் பச்சை காட்டிவிட்டு மறுபடியும் மஞ்சளாகிறது. மண் ஆய்வில் கார அமில நிலை (pH) 9.1. சுண்ணாம்பு போடலாமா?

பதில்: சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். அது நீலகிரி போன்ற இடங்களின் அமில மண்ணுக்கு உரியது. உங்கள் மண்ணில் கரையக்கூடச் செய்யாது. களர் என்பது சோடியம் மிகுந்த கார மண். உங்களுக்குத் தேவை ஜிப்சம் (கால்சியம் சல்பேட்). களிமண் துகள்களில் ஒட்டியிருக்கும் சோடியத்தை ஜிப்சத்தில் உள்ள கால்சியம் விரட்டும். விரட்டிய சோடியத்தை நீர்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் மட்டும் போடுவது வீண் செலவு.

முதலில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேரை மெதுவாகக் கழுவிப் பாருங்கள். வேர் முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால், அல்லது முடிச்சே இல்லையென்றால், செடி காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுக்கவில்லை என்று பொருள். யூரியாவைக் கொட்டக் கொட்ட முடிச்சு இன்னும் குறையும். இடையில் புல்தான் செழிக்கும். தீவனத்தின் புரதமே அந்த முடிச்சிலிருந்து வருவது என்பதால், இதை நான் மிக முக்கியமாகச் சொல்கிறேன்.

சோடியத்தைக் கழுவ நிற்கும் பயிரில் நீர் கட்ட முடியாது. குதிரை மசால் தேங்கிய நீரில் அழுகிவிடும். ஆகவே சீர்திருத்தத்தை அடுத்த விதைப்புக்கு முன் செய்யுங்கள். எவ்வளவு ஜிப்சம் என்பதை நான் குத்துமதிப்பாகச் சொல்ல மாட்டேன். மண் ஆய்வுக்கூடத்தில் 'ஜிப்சம் தேவை' என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். கிணற்று நீரையும் கொடுங்கள்; நீரிலேயே சோடியம் மிகுந்திருந்தால் பாய்ச்சப் பாய்ச்ச நிலம் பழைய நிலைக்கே திரும்பும்.

ஆடியில் நிலத்தைச் சமன்செய்து வரப்பு கட்டி, ஜிப்சத்தைத் தூவி மேலாக உழுது, நல்ல நீரைச் சில நாள் தேக்கி வடித்துவிடுங்கள். பிறகு தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப் பயிரை விதைத்து 45 நாளில் மடக்கி உழுங்கள். மண் பொலபொலப்பானதும் மார்கழித் தொடக்கத்தில் விதைக்கலாம்.

அரை ஏக்கருக்குத் தொழு உரம் 5 டன். மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) டி.ஏ.பி. உரத்தை விட்டு சூப்பர் பாஸ்பேட் 150 கிலோ அடியுரமாக இடுங்கள். அதில் கால்சியமும் கந்தகமும் சேர்ந்து வரும். கந்தகம் குறைந்தால் இலை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் புரதத்தின் தரம் குறையும். விதை நேர்த்திக்குக் குதிரை மசாலுக்கென்றே உள்ள ரைசோபியம் (வேர் முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிர்) கேட்டு வாங்குங்கள். நிலக்கடலைக்கான பொட்டலம் இதற்குப் பயன்படாது. ஆறிய கஞ்சியில் கலந்து, நிழலில் உலர்த்தி, அன்றே விதைத்துவிடுங்கள்.

பத்துச் செடிக்கு ஒன்று பூக்கும் நேரத்தில் அறுங்கள். அதற்குமேல் விட்டால் தண்டு முற்றி இலை உதிரும், மண்ணுக்குச் செய்த செலவு மாட்டின் வாய்க்குப் போகாது. பனி ஈரத்தோடு தனியாகப் போடாதீர்கள், வயிறு உப்பும். சோளத்தட்டோடு கலந்து கொடுங்கள்.