ஏர் ரைஃபிள் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுங்கள்

துப்பாக்கி சுடும் போட்டி பற்றிச் சேர்ந்திருந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன். எல்லாமே 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பற்றியவை. பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் அதில்தான் தொடங்குகிறார்கள். பெற்றோர் தேவையில்லாமல் பணத்தைக் கொட்டுவதும் அங்கேதான்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. நான்கு மாதமாக கிளப்பில் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். ‘சொந்தத் துப்பாக்கி இல்லாமல் மேலே போகவே முடியாது, ஜெர்மன் ரைஃபிள் ஒன்று வாங்கிவிடுங்கள்’ என்று அங்கே வரும் மற்ற பெற்றோர் சொல்கிறார்கள். விலை லட்சக்கணக்கில் இருக்கிறது. ககன் நாரங்கின் பெற்றோர் நிலத்தையே விற்று அவருக்குத் துப்பாக்கி வாங்கினார்கள் என்று படித்தேன். நகையை அடகு வைக்கலாமா?
– ஒரு தாய், சேலம்

பதில்: இப்போது வேண்டாம் அம்மா. நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

சென்னையில் பிறந்த நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர். அவருடைய பெற்றோர் செய்தது பெரிய தியாகம். ஆனால் நான்கு மாதம் பழகிய பிள்ளைக்கு அதே கணக்கைப் போட வேண்டியதில்லை. ஏன் என்று இலக்கை வைத்தே சொல்கிறேன்.

10 மீட்டர் இலக்கின் நடுவில் இருக்கும் ‘பத்து’ வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. பெல்லட் என்னும் ஈயக் குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். பெல்லட்டின் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டுவிட்டாலே 10.0 கிடைத்துவிடும். அதிலிருந்து நடுவை நோக்கிக் கால் மில்லிமீட்டர் நெருங்க நெருங்க 0.1 கூடும், உச்சம் 10.9. பெய்ஜிங்கில் 2008-இல் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவின் கடைசிக் குண்டு 10.8. இப்போது உங்கள் கிளப்பில் இருக்கும் பழைய பிசிபி (உள்ளடைத்த காற்றால் இயங்கும்) ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் இருக்கிற ஒன்றை வைஸில் இறுக்கி, அதற்குப் பொருந்தும் பெல்லட் போட்டுச் சுட்டால், பத்து குண்டும் கிட்டத்தட்ட ஒரே ஓட்டையில் போகும். அந்தத் துப்பாக்கிக்கு பத்து போடத் தெரியும். மகளின் குண்டு எட்டுக்கும் ஒன்பதுக்கும் அலைகிறது என்றால், அவள் நிற்கும் விதத்தில்தான் வேலை பாக்கி இருக்கிறது. ஜெர்மன் ரைஃபிள் அதைச் சரிசெய்யாது.

நிற்பது என்பது இதில் சாதாரண விஷயம் இல்லை. விதிப்படி ரைஃபிளின் எடை 5.5 கிலோ வரை இருக்கலாம். 60 குண்டுகளை 75 நிமிடத்துக்குள் சுட வேண்டும். தசையால் தூக்கிப் பிடித்தால் இருபதாவது குண்டிலேயே கை நடுங்கும். அதனால் இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, முதுகைச் சற்றுப் பின்னால் சாய்த்து, எடை எலும்பு வழியாக நேரே காலுக்கு இறங்கும்படி நிற்கிறார்கள். இப்படி வளைந்து நிற்கும் முதுகைத் தாங்குவது ஜாக்கெட். பாதத்தை அசையாமல் வைப்பது ஷூ. இரவல் ஜாக்கெட் தொளதொளவென்று இருந்தால், கோச் என்ன சொல்லிக் கொடுத்தாலும் உடம்பில் நிற்காது.

ஆகவே காசு முதலில் போக வேண்டியது அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட், கால்சட்டை, ஷூ, கையுறை ஆகியவற்றுக்கு. வளரும் பெண் என்பதால் உயர் ரகம் வேண்டாம், நடுத்தர விலையில் வாங்குங்கள். பின்னால் பிரித்துத் தைக்கும்படி தையலில் துணி விட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். அடுத்த செலவு பெல்லட். ஒரு நாள் பயிற்சிக்கு 80 குண்டு என்று வைத்தால், 500 பெல்லட் உள்ள டப்பா ஆறு நாளில் தீர்ந்துவிடும். இந்தச் செலவு மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும். அடகு வைத்துத் துப்பாக்கி வாங்கிவிட்டு பெல்லட்டுக்குக் கணக்குப் பார்த்தால், பிள்ளையின் பயிற்சிதான் குறையும்.

சொந்த ரைஃபிள் வாங்க நேரம் வந்துவிட்டதா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. கிளப் ரைஃபிளைப் பலர் பயன்படுத்துவார்கள். கன்னம் வைக்கும் கட்டை, தோள் தாங்கி, குறிபார்க்கும் சைட் எல்லாவற்றையும் ஒவ்வொருவரும் தனக்கேற்ப மாற்றிவிட்டுப் போவார்கள். மகள் தன் அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்து, ஒவ்வொரு முறையும் அதன்படி திருகிக்கொள்ளட்டும். அந்த எண்கள் மாதக்கணக்கில் மாறாமல் நிலைத்து, திருகுவதிலேயே பயிற்சி நேரம் வீணாகிறது என்ற நிலை வந்தால் வாங்கலாம். ‘மேலே போக முடியாது’ என்ற பேச்சில் இருக்கும் உண்மை அவ்வளவுதான்.

கேள்வி: விளையாட்டுப் பொருள் கடையில் குழலை மடித்து லோடு செய்யும் ஏர் ரைஃபிள் ஒன்றைக் காட்டினார்கள். வெளிநாட்டு ரைஃபிளோடு பார்த்தால் விலை மிகக் குறைவு. ‘லைசென்ஸ் வேண்டாம், இதிலேயே போட்டிக்குப் போகலாம்’ என்றார் கடைக்காரர். இரண்டும் உண்மையா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: லைசென்ஸ் விஷயம் அந்தத் துப்பாக்கியின் அளவைப் பொறுத்தது. 2016 ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ உரிமம் வேண்டும். இரண்டுமே வரம்புக்குள் இருந்தால் வேண்டாம். போட்டி ரைஃபிள்களின் ஆற்றல் 7.5 ஜூல் அளவில்தான் இருக்கும், அதனால் அவற்றுக்குப் பிரச்சினை வராது. ‘இன்னும் பவரானது’ என்று 5.5 மில்லிமீட்டர் குழல் உள்ளதைக் காட்டினால் வேண்டாம் என்று திரும்பிவிடுங்கள். அதற்கு உரிமம் வேண்டும், 10 மீட்டர் போட்டியிலும் அது செல்லாது. அடையாளச் சான்று, முகவரிச் சான்று இரண்டின் நகலையும் கொடுத்து, வரிசை எண் எழுதிய பில்லோடுதான் வாங்க வேண்டும். பறவையைக் குறிபார்க்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால், அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

போட்டி பற்றிச் சொன்னது பாதி உண்மை. நம் நாட்டு உள்ளூர் போட்டிகளில் ‘ஓபன் சைட்’ (திறந்த வெட்டு வழியே குறிபார்க்கும்) பிரிவு உண்டு. அதில் இத்தகைய துப்பாக்கியோடு நிற்கலாம். சர்வதேச விதிப்படி நடக்கும் பீப் சைட் (சிறு துளை வழியே குறிபார்க்கும்) பிரிவில் இதை வைத்துக்கொண்டு திணறுவீர்கள். ஸ்பிரிங் விடுபட்டு பிஸ்டன் முன்னே பாயும்போது, பெல்லட் குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே துப்பாக்கி முன்னும் பின்னும் உதைக்கும். பிடியில் சிறு மாற்றம் இருந்தாலும் குண்டு வேறு இடத்துக்குப் போகும். உள்ளடைத்த காற்றால் இயங்கும் பிசிபி ரைஃபிளில் இந்தத் தொல்லை கிடையாது. பிசிபி வகை இந்தியாவிலேயே தயாராகிறது, விலையும் ஜெர்மன் ரைஃபிளைவிடக் குறைவு. வால்தர், ஃபைன்வெர்க்பாவ் போன்ற ஜெர்மன் ரைஃபிளுக்கு நேரே தாவுமுன் கிளப்பில் அப்படி ஒன்றைக் கையில் எடுத்துச் சுட்டுப் பாருங்கள்.

கேள்வி: பழைய ஃபைன்வெர்க்பாவ் பிசிபி ரைஃபிள் ஒன்று விலைக்கு வருகிறது. உரிமையாளர் போட்டியை விட்டுவிட்டாராம். பார்க்கப் புதிதுபோல் இருக்கிறது. எதைச் சோதித்து வாங்க வேண்டும்?
– வங்கி ஊழியர், கோவை

பதில்: பளபளப்பைப் பார்க்காதீர்கள். குழலுக்குக் கீழே இருக்கும் காற்று சிலிண்டரைக் கழற்றச் சொல்லி, அதில் பொறித்திருக்கும் தேதியைப் படியுங்கள்.

சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் விதிப்படி சிலிண்டருக்கு அதிகபட்ச ஆயுள் 10 ஆண்டு. அது காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வது வீரரின் பொறுப்பு. காலாவதியானதோடு போட்டிக்குப் போனால் ஆயுதச் சோதனையிலேயே நிறுத்திவிடலாம். 200 பார் அழுத்தத்தை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுடுகிறோம், ஆகவே இதில் சமாதானம் செய்துகொள்ள இடமே இல்லை. 2014 என்று பொறித்த சிலிண்டரோடு ஒருவர் ரைஃபிளை விற்றால், உங்களுக்குக் கிடைப்பது சிலிண்டர் இல்லாத ரைஃபிள்தான். புது சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். மேல்நாட்டிலிருந்து வர வேண்டிய பொருள், தொகை சின்னதாக இருக்காது.

அடுத்தது கசிவு. சிலிண்டரில் காற்று நிரப்பி, ரைஃபிளில் பொருத்தி, அழுத்தமானி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் பாருங்கள். எண் இறங்கியிருந்தால் சிலிண்டரைத் தனியாகக் கழற்றி வைத்து இன்னொரு நாள் பாருங்கள். தனியாக இருக்கும்போது இறங்கவில்லை என்றால் கசிவு ரைஃபிளின் உள்ளே. அநேகமாக சீல் மாற்றினால் போதும். தனியாகவும் இறங்கினால் சிலிண்டரில் கோளாறு. ‘ஒரு நாள் விட்டுப் பார்க்க முடியாது’ என்று அவசரப்படுத்துபவரிடம் வாங்காதீர்கள்.

பின்பக்க சைட்டின் திருகைச் சில கிளிக் மேலே திருப்பி, அதே அளவு கீழே இறக்கி, குண்டு பழைய இடத்துக்கு வருகிறதா பாருங்கள். நீங்கள் இடக்கைக்காரர் என்றால் கட்டை எந்தப் பக்கத்துக்கானது என்பதைக் கவனியுங்கள். வரிசை எண், முதல் பில், இறக்குமதி ஆவணத்தின் நகல் மூன்றையும் கையில் வாங்காமல் பணம் கொடுக்க வேண்டாம். தனிநபரிடம் வாங்கும்போது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி பெரும்பாலும் இருக்காது. அங்கே காகிதம்தான் பாதுகாப்பு.

கேள்வி: இணையத்தில் அளவு கொடுத்து ஜாக்கெட் தைக்கச் சொன்னேன். ‘சர்வதேச விதிக்கு உட்பட்டது’ என்று விளம்பரம் செய்திருந்தார்கள். மாவட்டப் போட்டியில் துணி தடிமனாக இருக்கிறது என்று அனுமதிக்கவில்லை. கடையில் கேட்டால், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார்கள்.
– மதுரை

பதில்: அந்த வரியைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறவும் பணத்தைத் தரவும் மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது.

உங்கள் விஷயத்தில் குறையைக் காட்டுவது எளிது. ஜாக்கெட் துணி ஒற்றை மடிப்பில் 2.5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. விறைப்புக்கும் தனிக் கருவி இருக்கிறது, அது துணியில் குறைந்தது 3 மில்லிமீட்டர் அமிழ வேண்டும். சோதனை மேசையில் என்ன அளவு வந்தது என்று நடுவரிடம் எழுதி வாங்குங்கள். விளம்பரத்தின் படம், பில், அந்தச் சீட்டு மூன்றையும் இணைத்துக் கடைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், ஐந்து லட்சம் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் கிடையாது.

தோள் இறுக்கமாக இருக்கிறது, கை நீளமாக இருக்கிறது என்பது வேறு கதை. அளவை நீங்களே எடுத்து அனுப்பியிருந்தால் பழியைக் கடை உங்கள் மேல் போடும். அடுத்த முறை உள்ளே போடும் பனியனையும் ஸ்வெட்டரையும் அணிந்துகொண்டு, சுடும் நிலையில் நின்று, கோச்சை வைத்து அளவெடுங்கள்.

கேள்வி: விலை உயர்ந்த பெல்லட் வாங்கினால் ஸ்கோர் ஏறுமா? என் மகனுக்குக் குண்டுகள் இலக்கில் இடவலமாகச் சிதறுகின்றன.
– திருச்சி

பதில்: பெல்லட்டை ரைஃபிளோடு பொருத்திப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தலை அளவு 4.49, 4.50 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் விற்கிறார்கள். ஒரு குழலுக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது. இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு டப்பா மட்டும் வாங்கி, வைஸில் வைத்து, வகைக்குப் பத்து குண்டு சுட்டு, எதன் ஓட்டை சிறியதோ அதை எடுங்கள். பயிற்சிக்கு ஒரு படி குறைந்த ரகமே போதும்.

ஆனால் இடவலச் சிதறலுக்குப் பெல்லட்டைக் குறை சொல்லுமுன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். மகன் ரைஃபிளைத் தூக்கி இலக்கில் நிறுத்தட்டும். கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, பிறகு திறக்கட்டும். சைட் இலக்கை விட்டு வலப்பக்கமோ இடப்பக்கமோ போயிருந்தால், இதுவரை கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு சுட்டிருக்கிறான் என்று பொருள். டிரிகர் விடுபடும் கணத்தில் தசை தளர்ந்து ரைஃபிள் அந்தப் பக்கம் ஓடும். கையைத் திருத்தாமல் பாதத்தை நகர்த்தி, கண் திறக்கும்போது கறுப்பு வட்டம் தானாக நடுவில் வந்து நிற்கும்வரை சரிசெய்ய வேண்டும்.

முன் சைட்டின் வளையத்தையும் பாருங்கள். சின்ன வளையம் என்றால் துல்லியம் கூடும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். வளையத்துக்குள் இலக்கின் கறுப்பு வட்டத்தைச் சுற்றித் தெரியும் வெள்ளை மெலிந்துபோனால் சிறு அசைவும் பூதாகரமாகத் தெரியும், டிரிகரை அழுத்தப் பயம் வரும், பயத்தில் சட்டென்று இழுப்பார்கள். 4 மில்லிமீட்டர் அளவில் வைத்து, வெள்ளை தாராளமாகத் தெரியட்டும். நிறுத்திப் பிடித்து எட்டு நொடிக்குள் குண்டு போகவில்லை என்றால் ரைஃபிளை இறக்கிவிட்டு மறுபடி தூக்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் காசு ஆகாது.

பெல்லட் ஈயம் என்பதால், பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் ரைஃபிள் சிலிண்டருக்குக் காற்று நிரப்ப வசதி இல்லை. வெல்டிங் கடையில் ஆக்சிஜன் கிடைக்கிறது. அதைப் போடலாமா?
– தர்மபுரி

பதில்: ஒருபோதும் வேண்டாம். அழுத்தமான தூய ஆக்சிஜன், சீலில் இருக்கும் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தாலே வெடிக்கும். கை பம்பு வாங்குங்கள். ஈரத்தைப் பிரிக்கும் வடிகட்டி உள்ளதாகப் பார்த்து வாங்கி, இடையிடையே நிறுத்தி ஆறவிட்டு அடியுங்கள். இல்லாவிட்டால் நாலைந்து குடும்பம் சேர்ந்து, சோதனைத் தேதி முடியாத ஸ்கூபா சிலிண்டர் ஒன்றை வாங்கி, நகரத்துக்குப் போகும்போது சுத்தமான காற்று நிரப்பி வரலாம். அதிலிருந்து ரைஃபிளுக்கு மாற்றும்போது வால்வை மெதுவாகத் திறந்து, மானியில் 200 பார் வந்ததும் மூடிவிடுங்கள்.