கேள்வி–பதில்: அடிமையாகப் பிறந்து நீதிபதியான பிரின்ஸ் ரிவர்ஸ்

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் அணியில் நின்ற கறுப்பின வீரர்கள் சிலர் பின்னர் அரசியல் பதவிகளை வகித்தார்களாமே? அவர்களுள் உள்ளூர் அரசியலில் உயர்ந்த ஒருவரைப் பற்றிக் கூறுங்கள்.

பதில்: தென் கரோலினாவின் பிரின்ஸ் ரிவர்ஸ் அத்தகையவர். பியூஃபோர்ட்டில் சாரட்டு ஓட்டும் அடிமையாக இருந்த அவர், அடிமைகளுக்குக் கல்வி கற்பிப்பதைச் சட்டம் தடுத்திருந்த காலத்திலேயே எழுதப் படிக்கத் தெரிந்தவராக விளங்கினார். 1862இல் முதலாளியின் குதிரையிலேயே ஏறி, தெற்குப் படையின் காவலைக் கடந்து, வடக்குப் படை கைப்பற்றியிருந்த கடலோரப் பகுதியை அடைந்தார். அங்கே ஜெனரல் டேவிட் ஹண்டர் திரட்டிய கறுப்பினப் படையில் சேர்ந்து சார்ஜன்ட் ஆனார். ஹண்டருடன் நியூயார்க் சென்றபோது, சார்ஜன்ட் பட்டை அணிந்த கறுப்பரைக் காணப் பொறாத கும்பலொன்று பிராட்வே வீதியில் அவரைச் சூழ்ந்துகொண்டது. அடிமை முறையை எதிர்த்துப் போரிட்ட வடக்கிலும் அவருக்கு மதிப்பு எளிதில் கிடைத்துவிடவில்லை.

அவருடைய படைத் தலைவரான கர்னல் தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சனோ, நிர்வாகத் திறமையில் ரிவர்ஸை விஞ்சக்கூடிய வெள்ளை அதிகாரி எவரும் தம் படையில் இல்லை என்று கருதினார். தெற்கின் அடிமைகளுக்கு விடுதலை அறிவித்த பிரகடனம் நடைமுறைக்கு வந்த 1863 ஜனவரி 1 அன்று, சாக்ஸ்டன் முகாமில் படையின் கொடிகளைப் பெற்றுக்கொண்டு உரையாற்றிய இருவரில் ரிவர்ஸும் ஒருவர்.

போருக்குப் பின், 1868இல் மாநிலத்தின் புதிய அரசியலமைப்பை வகுத்த மாநாட்டில் உறுப்பினராக இருந்தார். 1874 வரை சட்டமன்றத்திலும் பணியாற்றினார். 1871இல் எய்கின் மாவட்டம் உருவாவதற்கு உழைத்தவர்களில் அவர் முக்கியமானவர். ஆயினும் சவன்னா ஆற்றங்கரையில், அகஸ்டா நகருக்கு எதிரே இருந்த ஹாம்பர்க் என்னும் சிற்றூரில் அவர் வகித்த பதவிகளையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஏனெனில், அவ்வூரின் தலைவராகவும் சிறு வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியாகவும் அவர் அமர்ந்தபோது, முன்னாள் அடிமைகள் தம் குறையைத் தம்மில் ஒருவரிடமே முறையிட முடிந்தது. முன்னாள் முதலாளிகளும் அவர்முன் வந்து நிற்க வேண்டியிருந்தது.

கேள்வி: ஹாம்பர்க் படுகொலையின்போது அவர் என்ன செய்தார்? குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டார்களா?

பதில்: 1876 ஜூலை 4, அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டு நாள். டாக் ஆடம்ஸ் தலைமையிலான கறுப்பின மாநிலக் காவல் படையினர் ஹாம்பர்க்கின் தெருவில் அணிவகுத்தபோது, வண்டியில் வந்த இரு வெள்ளை இளைஞர்கள் வழிவிடச் சொல்லித் தகராறு செய்தனர். இறுதியில் வழி கிடைத்தும் அவர்கள் தரப்பினர் ரிவர்ஸிடம் வழக்குத் தொடுத்தனர். விசாரணை நாளான ஜூலை 8 அன்று, தெற்குப் படையின் முன்னாள் ஜெனரல் மேத்யூ பட்லர் அவர்களுடைய வழக்கறிஞராக வந்து, காவல் படை ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்றார். அது வழக்கறிஞர் கேட்கத்தக்க கோரிக்கையே அன்று. ஊரில் நூற்றுக்கணக்கான ஆயுதமேந்திய வெள்ளையர் திரண்டிருக்க, ரிவர்ஸ் இரு தரப்புக்கும் இடையே நடந்து சமாதானம் பேசியும் பயனில்லை. காவல் படையினர் பதுங்கியிருந்த கட்டடத்தின் மீது, அகஸ்டாவிலிருந்து கொண்டுவந்த பீரங்கியால் வெள்ளையர் சுட்டனர். அன்றிரவு, பிடிபட்டவர்களில் நால்வரைத் தனியே அழைத்துச் சென்று கொன்றனர். ரிவர்ஸின் வீடும் சூறையாடப்பட்டது.

அதன் பிறகும் அவர் ஒதுங்கிவிடவில்லை என்பதே என்னை வியக்க வைக்கிறது. பிரேத விசாரணையை அவரே நடத்தி, சாட்சியங்களைப் பதிவு செய்து, பட்லர் உட்பட எண்பதுக்கும் மேற்பட்டோர் மீது குற்றம் சாட்டச் செய்தார். ஆனால் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு, போருக்குப் பின் தெற்கில் நிறுத்தப்பட்டிருந்த கூட்டாட்சிப் படைகள் விலக்கப்பட்டு, மாநில ஆட்சி வெள்ளை ஆதிக்கத்தினரின் கைக்குச் சென்றது. பட்லர் 1877 முதல் 1895 வரை அமெரிக்க செனட்டராக இருந்தார். பதவிகளை இழந்த ரிவர்ஸ் எய்கினில் மீண்டும் சாரட்டு ஓட்டிப் பிழைத்து, 1887இல் காலமானார். இதை அவருடைய தோல்வி என்று எழுதுவோர் உண்டென்றால், நான் அதை ஏற்க மாட்டேன். அவரிடம் திறமை குறையவில்லை, அவரைக் காக்க வேண்டிய அரசுதான் கைவிட்டது.

அன்று இறந்த ஒரே வெள்ளையரான மெக்கி மெரிவெதருக்கு 1916இல் அருகிலுள்ள வடக்கு அகஸ்டாவில் நினைவுத்தூண் எழுப்பினார்கள். பிடித்துக் கொல்லப்பட்ட அந்த நால்வர் உட்பட, அன்று உயிரிழந்த கறுப்பினத்தவர் அறுவரின் பெயர்கள்: ஜேம்ஸ் குக், ஆலன் அட்டவே, டேவிட் பிலிப்ஸ், ஹாம்ப்டன் ஸ்டீபன்ஸ், ஆல்பர்ட் மைனியார்ட், மோசஸ் பார்க்ஸ்.