அடிபட்ட அடுக்குமாடி ஏன் சரிகிறது? – வாசகர் கேள்விகள்

எஃகு உருக 1500 டிகிரி வேண்டுமே? அலுவலகத் தீயில் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் எப்படி விழுந்தன?

எஃகு உருக வேண்டியதே இல்லை. 600 டிகிரி செல்சியஸில் அதன் வலிமை ஏறக்குறைய பாதியாகிவிடும். அலுவலகத் தீ 1000 டிகிரியைத் தொடும். இதற்காகத்தான் எஃகின் மேல் தீத்தடுப்புப் பூச்சு அடிக்கிறோம். 2001 செப்டம்பர் 11 அன்று விமானம் மோதிய இடங்களில் அந்தப் பூச்சு உதிர்ந்துபோனது. விமான எரிபொருள் சில நிமிடங்களில் தீர்ந்துவிட்டது. அதன்பின் எரிந்தவை மேசைகளும் காகிதங்களும்தான். சூடேறிய தளங்கள் தொய்ந்து, வெளிச்சுவர்த் தூண்களை உள்பக்கம் இழுத்தன. வளைந்த தூண்களால் மேல்தளங்களைத் தாங்க முடியவில்லை.

இரண்டாவதாக மோதப்பட்ட தெற்குக் கோபுரம் முதலில் விழுந்தது ஏன்?

மோதல் தாழ்வாக, 77 முதல் 85 வரையான தளங்களில், ஒரு மூலையை ஒட்டி நடந்தது. மேலே சுமை அதிகம். அதுவும் ஒரு பக்கம் சாய்ந்து இறங்கியது. அது 56 நிமிடம் நின்றது, வடக்குக் கோபுரம் 102 நிமிடம்.

கீழ்த்தளங்களுக்குச் சேதமில்லை. அவை ஏன் தடுத்து நிறுத்தவில்லை?

நிற்கும் சுமை வேறு, விழும் சுமை வேறு. ஒரு பாரத்தைச் சிறிதும் உயர்த்தாமல் சட்டென்று விட்டாலே தாங்குபொருளில் அதன் எடையைப்போல் இரண்டு மடங்கு விசை எழும். இங்கே பத்துக்கும் மேற்பட்ட தளங்கள் ஒரு மாடி உயரம் விழுந்தன. அந்த விசைக்குக் கீழ்த்தளத்தின் இணைப்புகள் ஈடுகொடுக்கவே முடியாது.

அருகிலிருந்த 7ஆம் எண் கட்டடத்தில் விமானம் மோதவில்லையே?

பொறியாளர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய சரிவு இதுதான். 47 மாடி. நகரக் குடிநீர்க் குழாய் உடைந்ததால் கீழ்த்தளங்களின் தானியங்கித் தெளிப்பான்களுக்குத் தண்ணீர் வரவில்லை. தீ மணிக்கணக்கில் எரிந்தது. உத்தரங்கள் சூட்டில் நீண்டு, 79ஆம் எண் தூணில் உட்கார்ந்திருந்த முதன்மை உத்தரத்தை அதன் இருக்கையிலிருந்து (தூணோடு அதைத் தாங்கும் இடம்) தள்ளின. 13ஆம் தளம் விழுந்து, கீழிருந்த தளங்களையும் அடுத்தடுத்து இழுத்துச் சென்றது. தளம் என்பது தூணுக்குச் சுமை மட்டுமல்ல, பக்கவாட்டுப் பிடிமானமும்கூட. பிடிமானமில்லாத நீளம் இரட்டித்தால் மெல்லிய தூண் பக்கவாட்டில் வளையாமல் தாங்கும் சுமை நான்கில் ஒன்றாகும். இங்கே ஒன்பது மாடி உயரத்துக்குப் பிடி போயிற்று.

விழவே விழாத கட்டடம் சாத்தியமா?

இல்லை. 1968இல் லண்டனின் ரோனன் பாயிண்ட் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்து ஒரு மூலை முழுவதும் சரிந்தபின் பிரிட்டனில் விதிகள் மாறின. ஒரு தூண் போனாலும் சுமை மாற்றுவழியில் இறங்குகிறதா என்று ஒவ்வொன்றாக நீக்கிக் கணக்கிடுகிறோம். இறங்காவிட்டால், அந்த உறுப்பைச் சதுர மீட்டருக்கு 34 கிலோநியூட்டன் (ஏறக்குறைய மூன்றரை டன் எடை) அழுத்தம் தாங்கும்படி வடிவமைக்கிறோம். ஒரே நேரத்தில் பல தூண்கள் போய், கூடவே தீயும் பற்றினால் இந்தக் கணக்கு காக்காது. அப்போது வடிவமைப்பால் தர முடிவது, மக்கள் வெளியேறுவதற்கான நேரம்தான்.

தீப்பிடித்த கான்கிரீட் கட்டடத்தில் பூசிவிட்டுக் குடியேறலாமா?

கூடாது. முதலில் முட்டுக் கொடுங்கள். பல வகை ஜல்லிகளில், 300 டிகிரி தாண்டிய கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். அந்த ஆழம்வரை கொத்தி எடுக்க வேண்டும். நிறத்தை மட்டும் நம்பாமல் உருளை வடிவில் கான்கிரீட் மாதிரியைத் துளைத்தெடுத்து நசுக்கிச் சோதியுங்கள். வெளியே தெரியும் கம்பியையும் வெட்டி இழுவிசைச் சோதனைக்கு அனுப்புங்கள்.