வீட்டுக் கணினியில் போட்ட நியூஸ் சர்வர் ஏன் காலியாக இருக்கிறது?

லீஃப்நோடு போன்ற ஒரு நியூஸ் சர்வரை நிறுவியாச்சு, ஆனால் குழுக்கள் காலி, இல்லையென்றால் இணைப்பே கிடைக்கவில்லை, ஏன் என்பது கேள்வி.

லோக்கல் நியூஸ் சர்வர் என்பது வெளியே உள்ள பெரிய சர்வரிலிருந்து யூஸ்நெட் (இணையத்தின் பழைய கலந்துரையாடல் குழுக்கள்) பதிவுகளை இழுத்து உங்கள் கணினியிலேயே சேர்த்து வைக்கும் நிரல். நம்ம டெல்டா ஊர்க் குளம் மாதிரிதான். வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்தாலும், தண்ணீர் கல்லணை தாண்டி வாய்க்கால் வழியே வந்து, இங்கே மடையையும் திறந்தால்தான் குளம் நிறையும். படித்துறை சரியாக இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

முதலில் படித்துறை, அதாவது உங்கள் கணினியில் சர்வரோடு இணைப்பு கிடைக்கிறதா என்பது. கட்டளைத் திரையில் ‘டெல்நெட் லோக்கல்ஹோஸ்ட் 119’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் 200 அல்லது 201 என்று தொடங்கும் வரி வர வேண்டும். வரவில்லையா, சர்வரே ஓடவில்லை, அல்லது ஃபயர்வால் தடுக்கிறது.

அப்புறம் மடை, அதாவது வெளி சர்வரிலிருந்து பதிவுகள் உள்ளே வருவது, பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். லீஃப்நோடில் புதுக் குழுவைத் திறந்தால் ஒரே ஒரு அறிவிப்புதான் தெரியும். அதைப் படித்துவிட்டு பதிவுகளை இழுத்து வரும் ஃபெட்ச்நியூஸ் நிரலை மறுபடி ஓட்டினால்தான் மற்ற பதிவுகள் இறங்கும். இது தெரியாமல் எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப நிறுவ வேண்டாம், தயவுசெய்து.

சர்வர் வீட்டிலேயே இருப்பதால் வெளி சர்வர் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை, அமைப்புக் கோப்பில் அதன் முகவரி கட்டாயம் இருக்க வேண்டும்.