யமஷிடா வழக்கு: மணிலா இராணுவத் தீர்ப்பாயம் குறித்த கேள்வி பதில்

கேள்வி (மதுரை): ஜெனரல் யமஷிடா தம் கையால் யாரையும் கொல்லவில்லை, கொல்லும்படி ஆணையிட்டதற்கும் நேரடிச் சான்று இல்லை என்கிறார்கள். பின் எதற்காக அவரைத் தூக்கிலிட்டார்கள்?

பதில்: பிலிப்பைன்ஸில் ஜப்பானியப் படைகளுக்குத் தலைமை தாங்கிய அவர், தமக்குக் கீழிருந்தவர்களைக் கட்டுப்படுத்தும் கடமையில் தவறி, அவர்கள் கொடுமை புரிய இடங்கொடுத்தார் என்பதே மணிலாவில் அமெரிக்கர் அமைத்த இராணுவத் தீர்ப்பாயத்தில் அவர்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு. 1945 பிப்ரவரியில் தொடங்கி ஒரு மாதம் நீடித்த மணிலாப் போரில் ஏறத்தாழ 1,00,000 பொதுமக்கள் மாண்டனர். அமெரிக்கப் பீரங்கிகளுக்குப் பலியானவர்களும் அதில் உண்டு என்றாலும், வீடுகளிலும் தேவாலயங்களிலும் ஜப்பானியப் படையினர் நடத்திய படுகொலைகளை யாரும் மறுக்க முடியாது. சாட்சி சொன்ன 286 பேரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி, துப்பாக்கிமுனைக் கத்தி குத்திய 38 காயங்களின் தழும்புகளைத் தன் உடலில் காட்டினாள். இவ்வழக்கைச் சட்ட நுணுக்கமாக மட்டும் பேசுவோர் அவளை மறந்துவிடக் கூடாது.

கேள்வி (சேலம்): நடந்தது அவருக்குத் தெரியுமா, தெரியாதா?

பதில்: வழக்கின் உயிர்நாடியே இதுதான். அவர் 1944 அக்டோபரில் பொறுப்பேற்ற சில நாட்களிலேயே அமெரிக்கர் பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவில் இறங்கிவிட்டனர் என்றும், பின்னர் அவர் வடக்கே பாகியோ மலைப்பகுதிக்குச் சென்றுவிட, மணிலாவில் நின்று போரிட்டவர்களில் பெரும்பாலோர் இவாபுச்சி என்ற கடற்படை அதிகாரியின் கீழிருந்தவர்கள் என்றும் அவருடைய வழக்கறிஞர்கள் வாதிட்டனர். கொடுமைகள் அவ்வளவு பரவலாக நடந்திருக்கும்போது தளபதி பொறுப்பேற்க வேண்டும் என்றது தீர்ப்பாயம்; ஆனால் அவருக்கு அவை தெரிந்திருந்தன என்று அது திட்டவட்டமாகச் சொல்லவில்லை. தளபதி அறிந்திருந்தாரா, அல்லது அறிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்தாரா என்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய 1998ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கை, 28ஆம் பிரிவில், வெளிப்படையாகவே கேட்கிறது.

கேள்வி (கோவை): விசாரணை நேர்மையாக நடந்ததா?

பதில்: இல்லை என்பதே என் முடிவு. தீர்ப்பளித்த ஐந்து ஜெனரல்களில் ஒருவரும் வழக்கறிஞர் அல்லர். முதலில் 64 குற்றச்சாட்டுகள்; விசாரணை தொடங்கும் தறுவாயில் மேலும் 59 சேர்க்கப்பட்டன, ஆயினும் அவற்றுக்கு விடை தேடக் கேட்ட அவகாசம் மறுக்கப்பட்டது. நேரில் வராதவர்களின் வாக்குமூலங்களும், பிறர் சொல்லக் கேட்ட செய்திகளும் சாட்சியமாயின. 1945 அக்டோபர் 29இல் தொடங்கிய வழக்கில் டிசம்பர் 7 அன்றே மரண தண்டனை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-2 என்ற கணக்கில் தலையிட மறுத்தபோது, மர்ஃபி, ரட்லெட்ஜ் என்ற இரு நீதிபதிகள் கடுமையாக மாறுபட்டனர். 1946 பிப்ரவரி 23 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். அந்தச் சிறுமிக்கு நியாயம் வழங்க இத்தனை அவசரம் தேவைப்பட்டிருக்கவில்லை.

கேள்வி (பினாங்கு): 1942இல் சிங்கப்பூரைப் பிடித்தவரும் அவர்தானே? அங்கே சீனர்கள் கொல்லப்பட்டதற்கு விசாரணையே இல்லையா?

பதில்: மணிலாத் தீர்ப்பாயம் பிலிப்பைன்ஸில் நடந்ததை மட்டுமே விசாரித்தது. சிங்கப்பூர்ப் படுகொலைக்காகப் பிரிட்டிஷார் 1947இல் ஏழு அதிகாரிகளை விசாரித்து, கவமுரா, ஓயிஷி ஆகிய இருவரைத் தூக்கிலிட்டு, மற்ற ஐவருக்கு ஆயுள் தண்டனை விதித்தனர். உறவினரைப் பறிகொடுத்த சீனக் குடும்பங்கள் இது போதாது என்று கொதித்தெழுந்தன.